தாவரக் குரோமோசோம்களில் ரைபோசோம் ஜீன்களின் ஸ்தானம்

தாவரங்களின் செல்லுக்குள் உறையும் குரோமோசோம்களை எண்ணுவதும், அவற்றின் நீளத்தை அளப்பதும், ஒன்றைப் போலவே தோன்றும் பலவற்றுள் இன்னது இதுவெனப் பிரித்தறிவதும், நூறாண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் இடைவிடாது செய்துவரும் பணியாகும். இப்பணியில் வேறெந்த ஜீனுக்கும் கிட்டாத ஒரு முதன்மை, ரைபோசோமின் ஆர்.என்.ஏ.யைத் தோற்றுவிக்கும் ஜீன்களுக்குக் கிட்டியிருக்கிறது. ஒரு ஜீன் எந்தக் குரோமோசோமில் எவ்விடத்தில் உள்ளது என்பதைப் பல தலைமுறைக் கலப்புகளின் கணக்கைக் கொண்டே ஊகித்தறிய வேண்டியிருந்த காலத்தில், இந்த ஜீன்கள் கூட்டமாகக் குடியிருக்கும் இடம் மட்டும் சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே ஒரு மெல்லிய சுருக்கமாகக் கண்ணுக்குப் புலப்பட்டுக்கொண்டிருந்தது. அது ஜீன்களின் இருப்பிடம் என்று தெரியாத காலத்திலும் அதை வரைந்து வைத்தார்கள். தெரிந்த பிறகு அதையே வழிகாட்டியாகக் கொண்டு தாவரங்களின் வம்ச வரலாற்றை எழுதத் தொடங்கினார்கள்.

அவ்வாறு எழுதப்பட்ட வரலாறுகளில் நம்பத்தக்கவை பல. மறுபரிசீலனைக்கு உரியவையும் சில உண்டு. காரணம், இந்த ஜீன்களைப் பற்றி எழும் வினாக்கள் மூன்று: அவை எங்கே இருக்கின்றன, எத்தனை இருக்கின்றன, இருப்பவற்றுள் எவை இயங்குகின்றன. இம்மூன்றும் ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்புடையவையாயினும் வெவ்வேறான வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் விடை காண ஒவ்வொரு முறை உண்டு. ஒரு முறை தரும் விடையை மற்றொரு வினாவுக்குரிய விடையாகக் கொள்ளும்போதுதான் குழப்பம் பிறக்கிறது. இக்கட்டுரை இத்துறையின் வளர்ச்சியை அம்மூன்று வினாக்களின் வழியே பரிசீலிக்க முற்படுகிறது.

ஜீன்களின் இயல்பு

செல்லில் புரதங்கள் யாவும் ரைபோசோம் என்னும் நுண்ணுறுப்பில் உருவாகின்றன. அந்த ரைபோசோமின் உடற்கட்டுக்கு ஆதாரமாக இருப்பவை நான்கு வகை ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள். இவற்றுள் 18எஸ், 5.8எஸ், 26எஸ் எனப்படும் மூன்றும் ஒரே தொடராகப் படியெடுக்கப்பட்டுப் பின்னர் வெட்டிப் பிரிக்கப்படுகின்றன; இம்மூன்றின் ஜீன்களும் அடுத்தடுத்து அமைந்து ஓர் அலகாக இருப்பதால் அக்குடும்பத்தை 45எஸ் என்ற ஒரே பெயரால் வழங்குவது மரபு. நான்காவதாகிய 5எஸ் மூலக்கூறு சுமார் 120 எழுத்துகளே கொண்ட சிறிய தொடர். பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் அதன் ஜீன்கள் தனித்த வேறோர் இடத்தில் வரிசையாக நிற்கின்றன.

மற்ற ஜீன்கள் ஒன்றிரண்டு பிரதிகளாக இருந்தாலே போதுமாயிருக்க, இவை மட்டும் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. புரதத்தைத் தரும் ஜீனிலிருந்து எடுக்கப்பட்ட ஓர் ஆர்.என்.ஏ. பிரதியை மீண்டும் மீண்டும் வாசித்து எத்தனையோ புரத மூலக்கூறுகளைச் செல் உண்டாக்கிக்கொள்ள முடியும்; ரைபோசோம் ஆர்.என்.ஏ.யோ தானே முடிவுப் பொருளாதலால் அத்தகைய பெருக்கத்துக்கு வழியில்லை. வளர்ந்துவரும் ஒரு செல்லுக்கு லட்சக்கணக்கில் ரைபோசோம்கள் தேவைப்படுகையில், அத்தேவையை ஈடுசெய்ய ஜீன்களே பல்கிப் பெருகி நிற்க வேண்டியிருக்கிறது. 45எஸ் அலகு ஒன்று தாவரங்களில் ஏறத்தாழ 8,000 முதல் 13,000 வரை எழுத்துகள் நீளமுள்ளது. தாவர ஆராய்ச்சியாளர் பெரிதும் கையாளும் அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில், இரண்டாவது குரோமோசோமின் நுனியிலும் நான்காவது குரோமோசோமின் நுனியிலுமாக இத்தகைய அலகுகள் முந்நூறு நானூறாக அடுக்கப்பட்டு, ஒவ்வோர் அடுக்கும் சுமார் 40 லட்சம் எழுத்துகள் நீண்டிருக்கிறது. ஒரே தொடர் இவ்வளவு நெடுந்தூரம் திரும்பத் திரும்ப வருவதனால்தான் மைக்ராஸ்கோப்பின் கண்ணுக்கும் அது அகப்படுகிறது.

கண்ணால் கண்ட சான்று

தாவரச் செல்லில் குரோமோசோம்களை முதன்முதலில் வரைந்தவர்களுள் ஹோஃப்மெய்ஸ்டர் ஒருவர். 1848-ல் டிராடெஸ்காண்டியாவின் மகரந்தத் தாய்ச்செல்களில் அவர் கண்ட உருவங்களுக்கு அன்று பெயரில்லை. பெயர் வந்தது வால்டயர் மூலம், 1888-ல். அதற்குப் பின் குரோமோசோமின் தோற்றத்தைக் கூர்ந்து நோக்கும் வழக்கம் பெருகிற்று. சென்ட்ரோமியர் அமைந்த முதன்மைச் சுருக்கம் ஒவ்வொரு குரோமோசோமிலும் இருக்க, சிலவற்றில் மட்டும் இரண்டாவதாக மற்றொரு சுருக்கமும், அதற்கப்பால் மெல்லிய நூலில் தொங்கும் ஒரு சிறு துண்டும் காணப்படுவதை ரஷ்ய அறிஞர் செர்கேய் நவாஷின் 1912-ல் கால்டோனியா என்னும், லில்லியை ஒத்த செடியில் கவனித்தார். அத்துண்டுக்குச் சாட்டிலைட் என்ற பெயர் நிலைத்தது. அது எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு இருபதாண்டுக் காலம் விடையில்லை.

விடையின் முதற்பாதியைத் தந்தவர் ஜெர்மானியரான எமில் ஹைட்ஸ். செல் பகுப்பு முடிந்து புதிய உட்கரு உருவாகும்போது, அதனுள் பளிச்சென்று திரண்டு நிற்கும் உட்கருமணி எங்கிருந்து எழுகிறது என்பதை அவர் பின்தொடர்ந்தார். ஃபாபா அவரைச் செடியில் மொத்தம் 12 குரோமோசோம்கள். அவற்றுள் மிக நீண்ட ஜோடியில் மட்டும் இரண்டாம் நிலைச் சுருக்கம் தெளிவாகத் தெரியும். பகுப்புக்குப் பின் உட்கருமணிகள் தோன்றுவதும் அச்சுருக்கம் உள்ள இடத்திலேயே. சுருக்கங்கள் எத்தனையோ அத்தனை மணிகள் என்ற நியதியை அவர் 1931-ல் வெளியிட்டபோது, அதுவரை செல்லுக்குள் ஏனோ மிதந்துகொண்டிருக்கும் ஒரு துளியாக எண்ணப்பட்ட உட்கருமணி, குரோமோசோமின் ஒரு குறிப்பிட்ட இடத்தோடு பிணைக்கப்பட்டதாயிற்று.

மறுபாதியைத் தந்தவர் பார்பரா மக்லின்டாக். மக்காச்சோளத்தின் 20 குரோமோசோம்களில் ஆறாவது ஜோடி மட்டுமே உட்கருமணியோடு ஒட்டியிருக்கும். அந்த ஆறாவது குரோமோசோமும் ஒன்பதாவதும் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்ட ஒரு செடி அவரிடம் இருந்தது; முறிவு நேர்ந்த இடமோ உட்கருமணி பிறக்கும் பகுதியின் நடுவிலேயே அமைந்திருந்தது. ஆகவே அப்பகுதியின் ஒரு பாதி ஆறிலும், மறுபாதி ஒன்பதிலும் போய்ச் சேர்ந்தன. இரண்டு பாதிகளும் தனித்தனியே மணியைத் தோற்றுவித்தன. இதைவிட முக்கியமானது வேறொன்று: இரண்டு பாதிகளும் ஒரே செல்லில் சேர்ந்திருக்கையில் இரண்டு மணிகளின் பருமன் ஒன்றாக இருக்கவில்லை; இப்பகுதியே இல்லாது போன நுண்வித்துகளிலோ பெரிய மணி ஒன்று திரளாமல் பல சிறு துளிகள் உட்கரு முழுதும் சிதறிக் கிடந்தன. 1934-ல் வெளியான அக்கட்டுரையில், இப்பகுதி உட்கருவில் பரந்து கிடக்கும் பொருளை ஒன்றுதிரட்டி ஒழுங்குபடுத்துகிறது என்று அவர் முடிவு கட்டினார். ஒரு பகுதியைப் பாதியாக முறித்தாலும் இரு பாதிகளும் இயங்குகின்றன என்றால், அது ஒரே அமைப்பின் பல பிரதிகளால் ஆனதாக இருக்க வேண்டும் என்பது இன்று நமக்கு எளிதில் விளங்குகிறது. டி.என்.ஏ.யின் வடிவம் அறியப்படுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கண்ணின் கூர்மையால் மட்டுமே அவ்வாயில்வரை சென்ற அறிவின் பெருமை வியப்புக்குரியது.

வேர்நுனியின் வேலை

இவ்வளவும் காணப்பட்டது கண்ணாடிச் சில்லின் மீது சரியாகப் பரப்பப்பட்ட செல்களில்தான். இத்துறையின் வெற்றி தோல்வி யாவும் ஸ்லைடு தயாரிக்கும் கையைப் பொறுத்தவை. ஆதலால் அதனைச் சற்று விரிவாகச் சொல்லுவது பொருந்தும்.

விதையை முளைக்கவிட்டு, வேர் ஒரு விரற்கடை நீண்டதும் அதன் வெண்மையான நுனியைக் கத்தரித்தெடுக்கிறார்கள். பகுப்பு இடையறாது நிகழும் இடம் அந்நுனியின் ஓரிரு மில்லிமீட்டரே. எடுத்த நுனியை நேரே பார்த்தால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து பிரித்தறிய இயலாதபடி இருக்கும். பகுப்பை நடுவழியில் நிறுத்தி, குரோமோசோம்களைக் குறுக்கி, விலகி நிற்கச் செய்ய ஒரு மருந்து தேவை. அம்மருந்தாக முதலில் கைக்கொள்ளப்பட்டது கோல்ச்சிசின். பகுப்பின் இழைகளைச் சிதைக்கும் அதன் ஆற்றலைத் தாவரங்களில் 1930-களின் இறுதியில் பிளேக்ஸ்லீ, லெவான் முதலியோர் விளக்கினர். ஐரோப்பாவில் இலையுதிர்காலக் குங்குமப்பூ எனப்படும் ஒரு கிழங்குச் செடியிலிருந்து எடுக்கப்பட்ட அந்நஞ்சு, நம் நாட்டுச் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் நிறைந்திருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் பயிரிட்டு விதையை மருந்துக்காக விற்கும் வழக்கம் இன்றும் உண்டு. கோல்ச்சிசின் குரோமோசோம்களை அளவுக்கு மீறிக் குறுக்கிவிடும் என்பதால், 1950-ல் ட்ஜியோவும் லெவானும் எட்டு-ஹைட்ராக்ஸிகுயினோலினைக் கைக்கொண்டார்கள். இம்மருந்து சுருக்கங்களை மங்கச் செய்யாமல் மேலும் தெளிவாக்கிக் காட்டுகிறது. தாவர ஸ்லைடுகளில் தேர்ந்த அதே ட்ஜியோதான் பின்னர் மனிதனின் குரோமோசோம்கள் 46 என்று லெவானுடன் சேர்ந்து 1956-ல் நிறுவினார்.

மருந்திலிருந்து எடுத்த நுனி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் நிலைப்படுத்தப்படுகிறது. பின்னர் செல்லுலேஸ், பெக்டினேஸ் என்னும் நொதிகள் செல்சுவரை இளக்குகின்றன. இளகிய நுனியை 45 சதவீத அசெட்டிக் அமிலத் துளியில் இட்டு, கவர் ஸ்லிப்பால் மூடி, ஊசியின் முனையால் மெல்லத் தட்டி, மேலே வடிதாளை வைத்துக் கட்டைவிரலால் ஒரே சீராக அழுத்துகிறார்கள். அழுத்தம் குறைந்தால் செல்கள் மலையாய்க் குவியும். மிகுந்தால் செல் கிழிந்து குரோமோசோம்கள் சிதறி எண்ணிக்கை பொய்த்துவிடும். விரல் சற்றே வழுக்கினாலும் எல்லாம் உருண்டு பாழாகும். அழுத்தியபின் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பிளேடின் முனையால் கவர் ஸ்லிப்பைத் தெறித்தெடுத்தால், குரோமோசோம்கள் ஸ்லைடிலேயே ஒட்டி நிற்கும். தேர்ந்த கைக்கும் ஒவ்வொரு ஸ்லைடிலும் நல்ல பரப்பு கிட்டுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இரண்டாம் நிலைச் சுருக்கம் மெல்லியதாகையால் அழுத்தத்தில் அது மிக நீண்டு, சாட்டிலைட் தன் குரோமோசோமை விட்டு வெகுதூரம் விலகிக் கிடக்கும். விவரம் அறியாதவர் அதைத் தனிக் குரோமோசோமாக எண்ணிவிடுவர். லோலியம் புல்லில் 45எஸ் இருப்பிடமே எளிதில் உடைந்துபோகும் பலவீனப் பகுதி என்பது பின்னர் அறியப்பட்டது. பழைய ஆவணங்களில் ஒரே இனத்துக்கு ஒன்றுக்கொன்று முரணான எண்கள் காணப்படும்போது, இக்காரணத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மூலக்கூறு தந்த நிச்சயம்

உட்கருமணி பிறக்கும் இடத்தில் இருப்பது ரைபோசோம் ஜீன்களே என்ற உண்மை தாவரங்களில் தொடங்கியதன்று. 1964-ல் பிரவுனும் கர்டனும், உட்கருமணி அற்ற ஓர் ஆப்பிரிக்கத் தவளைக் கருவில் ரைபோசோம் ஆர்.என்.ஏ.யே உண்டாவதில்லை என்று காட்டினர். அடுத்த ஆண்டு ரிட்டோசாவும் ஸ்பீகல்மனும் பழ ஈயில் அவ்விடத்தின் அளவு கூடக்கூட ரைபோசோம் ஜீன்களின் தொகையும் கூடுவதை அளந்து காட்டினர். முப்பதாண்டுகளுக்கு முன் மக்காச்சோளத்தில் கண்ட ஒழுங்குபடுத்தும் பகுதியின் பொருள் இவ்விதம் விளங்கிற்று.

குரோமோசோமைக் குலைக்காமல் அதன் மீதே ஜீனைத் தேடிக் காணும் முறை 1969-ல் வந்தது. டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் வெப்பத்தாலோ காரத்தாலோ பிரித்துவிட்டால், தனக்கு இணையான தொடரைக் கண்டவுடன் ஒவ்வோர் இழையும் மீண்டும் பின்னிக்கொள்ளும். அவ்வாறு பின்னிக்கொள்ளத்தக்க ஒரு துண்டுக்கு அடையாளமிட்டு ஸ்லைடில் விட்டால், அத்துண்டு தன் இணையைத் தேடி அவ்விடத்திலேயே தங்கிவிடும். காலும் பார்டூவும் கதிரியக்க டிரிட்டியத்தை அடையாளமாக்கி, ஸ்லைடின்மேல் புகைப்படப் பசையைப் பூசி, பல வாரங்கள் இருளில் வைத்துக் கரும்புள்ளிகள் தோன்றும் இடத்தை நோக்கினர். குரோமோசோமின் பருமனோடு ஒப்பிட அப்புள்ளிகள் பெரியவை. ஆதலால் இடம் தெரிந்ததே தவிர எல்லை தெரியவில்லை.

தாவர ஆராய்ச்சிக்கு இம்முறை உரமூட்டியது, ஆஸ்திரேலியாவில் கெர்லாக்கும் பெட்புரூக்கும் கோதுமையின் 45எஸ் அலகை முழுமையாகப் பிரித்தெடுத்து 1979-ல் வெளியிட்ட சாதனை. சுமார் 9,000 எழுத்துகள் கொண்ட அத்துண்டு, ஆராய்ச்சிச் சாலைகள் தமக்குள் பகிர்ந்துகொண்டதால் உலகெங்கும் பரவிற்று. ரைபோசோம் ஜீன்களின் மையப் பகுதி தாவரங்கள் அனைத்திலும் பெரிதும் மாறாதிருப்பதால், கோதுமையிலிருந்து எடுத்த துண்டே நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் பைனுக்கும் பயன்பட்டது. 1985 முதல் கதிரியக்கத்துக்குப் பதிலாகப் பயோட்டின் முதலிய வேதி அடையாளங்களும், 1990-களில் ஒளிரும் சாயங்களும் வழக்கத்துக்கு வந்தன. நீல நிறத்தில் தெரியும் குரோமோசோம்கள் மீது 45எஸ் பச்சையாகவும் 5எஸ் சிவப்பாகவும் ஒரே காட்சியில் ஒளிர்வதால், வாரக்கணக்கில் காத்திருந்த வேலை இரண்டு மூன்று நாட்களில் முடியலாயிற்று, எல்லையும் துலங்கியது.

இருப்பிடத்தின் வரைபடம்

இம்முறையால் முதற்கண் தெளிவானது கோதுமை. 42 குரோமோசோம்கள் கொண்ட ரொட்டிக் கோதுமையில் பெருந்தொகையான 45எஸ் ஜீன்கள் 1பி, 6பி என்ற இரு ஜோடிகளில் உள்ளன. வேறு சில குரோமோசோம்களில் சிறிய தொகுதிகளும் இருக்கின்றன. 5எஸ் ஜீன்கள் முதலாம் ஐந்தாம் தொகுதிக் குரோமோசோம்களில் அமைந்துள்ளன. பார்லியில் கண்ணுக்குச் சுருக்கமாகத் தெரிந்த இரு ஜோடிகளுக்கு அப்பாலும் மிகச் சிறிய புள்ளிகள் ஒளிர்ந்ததை லீச்சும் ஹெஸ்லாப்-ஹாரிசனும் 1992-ல் அறிவித்தனர். சுருக்கங்களை எண்ணிப் பெற்ற பழைய தொகைக்கும், ஒளிரும் புள்ளிகளை எண்ணிப் பெறும் தொகைக்கும் வேற்றுமை உண்டு என்பது இதனால் உறுதியாயிற்று.

நெல்லின் விஷயம் நமக்கு நெருக்கமானது. 24 குரோமோசோம்கள் கொண்ட நெல்லில், ஜப்பானிய வகைகளில் ஒன்பதாவது குரோமோசோமின் நுனியில் மட்டும் 45எஸ் இருக்க, நம் நாட்டில் பெரிதும் விளையும் இண்டிகா வகைகளில் பத்தாவதிலும் மற்றோர் இருப்பிடம் உண்டு என்று ஃபுக்குயி குழுவினர் 1994-ல் காட்டினர். 5எஸ் இரண்டிலுமே பதினொன்றாவதில் இருக்கிறது. ஒரே சிற்றினத்தின் இரு கிளைகளுக்குள்ளேயே இத்தகைய வேறுபாடு நிலவுவது, இருப்பிடம் என்பது அசையாத பொருள் என்று கொள்வோரைச் சிந்திக்கவைக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கான இனங்களின் வரைபடங்கள் திரண்டபின் சில பொது நியதிகள் புலனாயின. 45எஸ் இருப்பிடங்கள் பெரும்பாலும் குரோமோசோமின் குட்டைக் கரத்தில், நுனிக்கு அருகில் அமைகின்றன. 5எஸ் இருப்பிடங்களோ கரத்தின் நடுவிலும் சென்ட்ரோமியருக்கு அருகிலும் காணப்படுவது மிகுதி. இரண்டும் பிரிந்தே இருக்க வேண்டும் என்பது உலக நியதியாகாது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்ட்டிமீசியா இனங்களில் 5எஸ் ஜீன் 45எஸ் அலகுக்குள்ளேயே நுழைந்து ஒன்றாயிருக்கிறது. கீழ்நிலைத் தாவரமான மார்க்கான்ஷியாவிலும் அவ்வாறே.

இருத்தலும் இயங்குதலும்

ஒளிரும் புள்ளி, ஜீன் இருக்கிறது என்று மட்டும் சொல்லும்; அது வேலை செய்கிறதா என்று சொல்லாது. அவ்வினாவுக்கு விடை தருவது வெள்ளிச் சாயம். முந்தைய பகுப்பிடைக் காலத்தில் படியெடுப்பில் ஈடுபட்ட இருப்பிடங்களில் மட்டும் சில புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை வெள்ளி நைட்ரேட்டைக் கவர்ந்து கருமையடைகின்றன. 1975-ல் விலங்குச் செல்களில் குட்பாஸ்சரும் புளூமும் வகுத்த இம்முறை விரைவில் தாவரங்களுக்கும் வந்தது. ஒளிரும் புள்ளிகள் ஆறாகவும் வெள்ளிக் கறைகள் நான்காகவும் இருக்குமானால், இரண்டு இருப்பிடங்கள் உறங்குகின்றன என்று பொருள். இரண்டாம் நிலைச் சுருக்கமும் இயக்கத்தின் விளைவே என்பதால், பழங்காலத்தவர் சுருக்கத்தை எண்ணியபோது அவர்கள் எண்ணியது இயங்கும் இருப்பிடங்களையே.

கலப்பினங்களில் இவ்வேற்றுமை மிகத் தெளிவாகத் தெரிகிறது. கிரெபிஸ் செடியின் கலப்பினங்களில் ஒரு பெற்றோரின் சாட்டிலைட் மறைந்துபோவதையும், அதே குரோமோசோம் தன் பழைய இனத்துக்குத் திரும்பக் கலக்கப்படும்போது சாட்டிலைட் மீண்டும் தோன்றுவதையும், செர்கேய் நவாஷினின் மகனாகிய மிகயில் நவாஷின் 1934-ல் விரிவாக எழுதினார். கோதுமையையும் ரை தானியத்தையும் கலந்து உண்டாக்கிய டிரிட்டிக்கேலில், ரையின் இருப்பிடம் கோதுமையின் 1பி, 6பி முன்னிலையில் அடங்கிவிடுகிறது. கடுகுக் குடும்பத்தில் இவ்வாதிக்கத்துக்கு ஒரு வரிசையே உண்டு: கருங்கடுகு முதலிடமும், டர்னிப் இனம் இரண்டாமிடமும், முட்டைக்கோஸ் இனம் கடையிடமும் பெறுகின்றன. டர்னிப்பும் முட்டைக்கோஸும் கலந்து பிறந்த எண்ணெய்க் கடுகில் முட்டைக்கோஸின் ரைபோசோம் ஜீன்கள் இலையில் மௌனமாயிருந்து, பூவின் உறுப்புகளில் விழித்துக்கொள்கின்றன என்பதைச் சென்னும் பிக்கார்டும் 1997-ல் காட்டினர். டி.என்.ஏ.யில் மீத்தைல் சேர்க்கையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தாலும் அவை விழித்தெழுகின்றன. ஆகவே ஜீன் கெட்டுவிடவில்லை. அதன்மேல் ஒரு தடை இடப்பட்டிருக்கிறது. அத்தடை எந்தப் பெற்றோரின் ஜீன்மீது விழும் என்பதைத் தீர்மானிப்பது எது என்ற ஆராய்ச்சி இன்றும் தொடர்கிறது.

ஜீன் பிரதிகளின் எண்ணிக்கையும் நிலையானதன்று. ஆளிச் செடியின் சில வகைகளை வெவ்வேறு உரமிட்டு ஒரே தலைமுறை வளர்த்தால், அவற்றின் சந்ததி பெருவகை, சிறுவகை எனப் பிரிந்து பரம்பரையாக அப்படியே தொடர்வதை டரன்ட் என்பவர் கண்டிருந்தார். இவ்விரு வகைகளிலும் ரைபோசோம் ஜீன்களின் தொகையே வேறுபட்டிருப்பதை 1973-ல் டிம்மிஸும் இங்கிளும் அளந்தனர்.

வம்ச வரலாற்றில் இச்சான்றின் மதிப்பு

இனி, இத்துறையின் தலையாய பயனாகக் கருதப்படும் வம்ச ஆராய்ச்சிக்கு வருவோம். இதில் வெற்றிக்குச் சிறந்த உதாரணம் கரும்பு. 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கடராமனும் இனிய கரும்பைக் காட்டுக் கரும்பாகிய நாணலோடு கலந்து கோ. 205 முதலிய புகழ்பெற்ற வகைகளைத் தோற்றுவித்தனர். அதே நிலையத்தில் 1930-களில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் இ. கே. ஜானகி அம்மாள். 1945-ல் டார்லிங்டனுடன் இணைந்து அவர் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ், உலகெங்கும் இத்துறையினர் கையில் இருந்த நூல். இனிய கரும்புக்கு 80 குரோமோசோம்கள். நாணலுக்கோ 40 முதல் 128 வரை பல எண்கள். இவற்றின் அடிப்படைத் தொகுதி எது என்பது பல்லாண்டு விவாதம்.

அதைத் தீர்த்தது ரைபோசோம் ஜீன். ஓர் அடிப்படைத் தொகுதிக்கு 45எஸ் இருப்பிடம் ஒன்றே எனக் கொண்டால், செல்லில் ஒளிரும் புள்ளிகள் எத்தனையோ அத்தனை தொகுதிகள் உள்ளன. 80 குரோமோசோம் கொண்ட இனிய கரும்பில் ஒளிர்ந்த புள்ளிகள் எட்டு. ஆகவே ஒரு தொகுதிக்குப் பத்து. 64 குரோமோசோம் கொண்ட நாணலிலும் ஒளிர்ந்தவை எட்டு. ஆகவே ஒரு தொகுதிக்கு எட்டு. பிரான்சில் டோன் குழுவினர் 1998-ல் வெளியிட்ட இம்முடிவால், இரண்டு இனங்களும் வெவ்வேறு அடிப்படை எண் கொண்டவை என்பது நிலைநாட்டப்பட்டது. பல்லாண்டு எண்ணியும் தீராத வழக்கைத் தீர்க்க எட்டுப் புள்ளிகள் போதுமாயிருந்தன.

ஆனால் இவ்வெற்றியை எங்கும் எதிர்பார்ப்பது தவறு. வெங்காய இனங்களில் உட்கருமணி உண்டாகும் இடம் ஒரு குரோமோசோமிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் என்பதை ஷூபர்ட்டும் வோபஸும் 1985-ல் ஜீனையே தேடிக் கண்டு உறுதிசெய்தனர். இருப்பிடம் தாவுமாயின், இரண்டு இனங்களில் ஒரே இடத்தில் புள்ளி இருப்பதை மட்டும் கொண்டு அவை ஒரு தாய்வயிற்றுச் சந்ததி என்று சாதிக்க இயலாது. தொடரின் எழுத்துகளைக் கொண்டு சாதிக்க முற்பட்டாலும் மற்றோர் இடர் உண்டு. அடுக்கி நிற்கும் நூற்றுக்கணக்கான பிரதிகள் காலப்போக்கில் ஒன்றையொன்று திருத்தி ஒரே வடிவமாகிவிடுகின்றன. பருத்தியில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது: இரு மூதாதையரின் குரோமோசோம்கள் ஒன்றுசேர்ந்து பிறந்த பருத்தி இனங்களில், ஒரு மூதாதையின் ரைபோசோம் தொடர் மற்றதன் குரோமோசோமிலும் பரவி அதை அழித்துவிட்டிருக்கிறது, அதுவும் வெவ்வேறு கிளைகளில் வெவ்வேறு திசையில் நிகழ்ந்திருப்பதை வெண்டெல் குழுவினர் 1995-ல் காட்டினர். அத்தொடரை மட்டும் வாசித்தவர், இரண்டு பெற்றோருள் ஒருவரை முற்றும் அறியாமலே போவார்.

முடிவுரை

டி.என்.ஏ. முழுவதையும் வாசிக்கும் இக்காலத்தில் மைக்ராஸ்கோப்பின் வேலை தீர்ந்துவிட்டது என்று கருதுவோர் உண்டு. இக்கருத்து பொருந்தாது. 2000-ல் அராபிடாப்சிஸின் தொடர் வெளியானபோது, விடுபட்டுப் போன பகுதிகளுள் உட்கருமணி உண்டாகும் இரு பகுதிகளும் அடங்கும். ஒரே தொடர் நூற்றுக்கணக்கான முறை திரும்ப வருவதால், சிறு துண்டுகளாக வாசித்துப் பொருத்தும் முறைக்கு அவை வசப்படவில்லை. மிக நீண்ட துண்டுகளை ஒரே மூச்சில் வாசிக்கும் கருவிகள் வந்த பின்னரே, அண்மை ஆண்டுகளில் அவை வாசிக்கப்பட்டன. வாசித்தது சரிதானா என்று ஒப்புநோக்குவதற்கு ஸ்லைடின் மீதுள்ள புள்ளியே இன்றும் நடுநிலைச் சாட்சி.

இதுவரை கண்டவற்றிலிருந்து பெறப்படும் முடிவு இதுவே. குரோமோசோம்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய ரைபோசோம் ஜீனின் இருப்பிடம் மிகச் சிறந்த அடையாளம். தொகுதிகளை எண்ண, வேறு சான்று துணை நிற்குமானால், சிறந்த கருவி. உறவுமுறையை நிறுவத் தனித்து நின்றால் போதிய ஆதாரமாகாது. ஒரு தாவரத்தின் குரோமோசோம் விவரத்தை வெளியிடுவோர், ஒளிரும் புள்ளிகளின் இடத்தையும், வெள்ளிச் சாயத்தில் தெரியும் இயக்கத்தையும், பிரதிகளின் தொகையையும் தனித்தனியே குறித்து, எந்த முடிவு எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குரோமோசோம் எண்ணிக்கை கூட இன்னும் பதிவாகவில்லை. ரைபோசோம் ஜீனின் இருப்பிடம் அறியப்பட்டவை அவற்றினும் குறைவு. இவ்வேலைக்கு வேண்டியவை விலையுயர்ந்த வாசிப்புக் கருவிகள் அல்ல. நல்ல மைக்ராஸ்கோப் ஒன்றும், முளைவிட்ட விதைகளும், ஸ்லைடைப் பழுதறத் தயாரிக்கும் பொறுமையுள்ள கையும் இருந்தால் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே தொடங்கலாம். கோயம்புத்தூரில் கரும்பைக் கொண்டு தொடங்கிய அப்பணியை நம் மலைகளிலும் வயல்களிலும் வளரும் பிற தாவரங்களுக்கும் விரிவுபடுத்துவது, இன்றைய தாவர சாஸ்திர மாணவர் மேற்கொள்ளத்தக்க, பயன் நிச்சயமான கடமையாகும்.